தேன் காலத்தில் பேர் சொல்லாதவள்

ஒரு பிள்ளையின் பெயரைப் பாடசாலை இடாப்பிலிருந்து வெட்டுவதற்கு முன், தாய் தகப்பனுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர்கள் வந்து சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்டதை எழுதி வைக்க வேண்டும். அவர்கள் மறுத்து முறையிட்டால் அந்த முறையீட்டை மேலிடத்துக்கு அனுப்பி, பதில் கைக்கு வந்த பிறகே சிவப்பு மையைத் தொட வேண்டும். பதில் வரும் வரைக்கும் பிள்ளை வகுப்பு வாங்கில் உட்கார்ந்திருக்கலாம். விதி இதுதான். கல்விக் கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்து பிரதம எழுதுவினைஞராக ஓய்வு பெற்ற எனக்கு இது மனப்பாடம். இதை ஒருவர் முழுதாகக் கடைப்பிடித்ததை உத்தியோக காலத்தில் நான் கண்டதில்லை. அதற்கு முன் ஒரு தடவை கண்டிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. கண்டது என்னவென்று விளங்கவில்லை.

இதை அந்த ஐந்தாம் வகுப்பு வாங்குகளில் என்னோடு இருந்தவர்களுக்கு எழுதுகிறேன். சண்டை ஓய்ந்து கண்டிப் பாதை திறந்து பஸ் ஓடத் தொடங்கிய பிறகு உங்களில் சிலர் கனடாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்து, கனகராயன்குளத்தில் இறங்கி, உள்ளே போகும் கிரவல் றோட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனதாகக் கேள்வி. கிரவல் றோட் அன்றும் அப்படித்தான் இருந்தது. படம் எடுக்க வேண்டியவை அதற்கு அங்காலே இருந்தன. அவை இப்போது இல்லை. பள்ளிக்கூட வாசலில் நின்ற பாலைமரம் இல்லை. மணி என்று நாம் அடித்த தண்டவாளத் துண்டு இல்லை. என் ஐயா நடத்திய உப தபாற்கந்தோர், அதன் பித்தளைத் தராசு, அரக்கு உருக்கும் சிறிய கரண்டி, ஒன்றும் இல்லை.

அந்தத் தபாற்கந்தோர் எங்கள் வீட்டின் முன் அறை. ஊருக்கு வரும் கடிதம் ஒவ்வொன்றையும் ஊருக்கு முன் பார்த்தவள் நான். திறந்து பார்த்தேன் என்று சொல்லவில்லை, அது குற்றம். உறையைப் பார்த்தேன். உறையைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லும் பழக்கம் அங்கே வந்தது. பின்னாளில் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்ததும் பெரும்பாலும் அந்தத் திறமைக்காகத்தான்.

என் பக்கத்தில் இருந்தவள் தேன்காரர் மகள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஏனென்றால் உங்களில் பலர் அவளோடு ஒரே வாங்கில் இருக்க மாட்டோம் என்று சொன்னீர்கள். அதனால்தான் வெளியூர்க்காரியான எனக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. அவளுடைய ஆட்கள் குளத்துக்கு அங்காலே, காட்டு விளிம்பில் நாலைந்து குடிசைகளில் இருந்தார்கள். அவர்களும் நெல் விதைத்தார்கள். ஆனால் ஊர் அவர்களை நெல்லை வைத்துப் பேசவில்லை. தேன் எடுக்கிற ஆட்கள், வேட்டைக்கார ஆட்கள், இன்னும் சில பேர்கள். அந்த இன்னும் சிலவற்றை இங்கே எழுத மாட்டேன்.

அவள் கூந்தலில் வேப்பெண்ணெயும் புகையும் கலந்த மணம் இருக்கும். கொப்பியின் ஒற்றைகள் தேன் பட்டு ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் நகத்தால் கிளப்பித்தான் எழுதுவாள். தேனடை மெழுகை மென்று உருட்டி எனக்கும் ஒரு உருண்டை தருவாள். அந்த மெழுகால் சிலேற்றின் மரச் சட்டத்தைத் தேய்த்தால் கண்ணாடிபோல வரும். வகுப்பு முழுவதற்கும் அவளே தேய்த்துக் கொடுத்தாள், அவளோடு இருக்க மாட்டோம் என்றவர்களுக்கும்.

நமது தலைமை வாத்தியார் யாழ்ப்பாணத்தவர். மனைவி பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு, ஒரு குடையோடும் வயிற்றெரிச்சலோடும் நம்மிடம் வந்தவர். பயந்தவர் என்று நாம் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வரும் வித்தியாதரிசியின் கார்ச் சத்தம் தூரத்தில் கேட்டாலே கதிரையில் தொங்கும் கோட்டை எடுத்துப் போடுவார். எதைக் கேட்டாலும் அலுமாரியைத் திறந்து சுற்றறிக்கைக் கட்டை அவிழ்ப்பார். சரித்திரமும் குடியியலும் அவரே படிப்பித்தார்.

சரித்திரப் புத்தகத்தில் ஆதிக்குடிகளைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. பாடம் என்றால் ஒரு பக்கம். வில்லோடு ஒருவர் நிற்கும் படத்துக்கே அரைப் பக்கம் போய்விட்டது. அவர்கள் காட்டில் வாழ்ந்தார்கள், தேனும் இறைச்சியும் உண்டார்கள், காலப்போக்கில் மறைந்துபோனார்கள் என்று மீதி அரைப் பக்கம் சொன்னது. அன்று வாசிக்கும் முறை அவளுடையது. வாசித்து முடித்தும் இருக்கவில்லை.

"வாத்தியார், அவை எங்கை போனவை?"

"ஆர்?"

"இவைதான். மறைஞ்சு போச்சினமாம்."

"உன்ரை வீட்டுக்குத்தானடி போனவை!" என்றான் பின் வாங்கில் ஒருவன். அவன் இப்போது கனடாவில் ஒரு கோயிலுக்குத் தர்மகர்த்தா. வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள், பதில் வரும் என்று நின்றாள்.

தலைமை வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புத்தகத்திலை மறைஞ்சு போச்சினம் எண்டு கிடக்கு. சோதினையிலையும் அப்பிடியே எழுது. எழுதினால்தான் மாக்ஸ்."

அவள் அப்படியே எழுதினாள். முழு மாக்ஸ் வாங்கினாள். தான் மறைந்துபோனதாக எழுதி முழு மாக்ஸ் வாங்கிய வேறு ஒருவரை நான் சந்தித்ததில்லை.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிந்து பாலைப்பழம் விழத் தொடங்கிய நாட்களில் அந்த அதிகாரி வந்தார். வித்தியாதரிசி அல்ல, புதிய வகை. பிள்ளைகளின் மனத்தை அளப்பதற்கு வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவராம். நாம் அவருக்குப் "புத்தி அளக்கிற ஐயா" என்று பேர் வைத்தோம். கையில் தோல் பெட்டி. பெட்டிக்குள் தராசு இருக்கும் என்று நான் நினைத்தேன், வீட்டில் தராசோடு வளர்ந்தவள் ஆகையால். படங்கள்தான் இருந்தன.

ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். நமது உதடுகளெல்லாம் பாலைப்பழப் பாலில் ஒட்டிக் கிடந்தன. பேசுவதற்கு முன் நாக்கால் உதட்டைப் பிரிக்க வேண்டியிருந்தது. முதல் சில படங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. கூரையில் புகைபோக்கி இல்லாத வீட்டைக் காட்டி, என்ன குறைகிறது என்று கேட்டார். நான் "வேலி இல்லை" என்றேன். அவர் முகம் சுளித்தார், ஆனால் நான் சத்தமாகவும் உடனேயும் சொன்னதால் ஏதோ போட்டுக்கொண்டார். சத்தமாகவும் உடனேயும் சொல்லப்படும் பிழைக்கு அரசாங்கத்தில் எப்போதும் ஒரு மரியாதை உண்டு. அடுத்தவை நமது பக்கத்துக்காக அவரே கீறுவித்த படங்கள். யானை, கரடி, சிறுத்தை, பாம்பு. இவற்றைத் தெரியாத வன்னிப் பிள்ளை இருக்க முடியாது என்று அவர் நினைத்தது சரிதான்.

அவள் உள்ளே போனாள். கதவு பாதி திறந்திருந்தது.

"இது என்ன?"

சத்தம் இல்லை.

"பாரும் பிள்ளை, வடிவாய்ப் பாரும். இதுக்குத் தும்பிக்கை இருக்கு. என்ன இது?"

சத்தம் இல்லை.

"உதடு ஒட்டியிருக்குதோ? தண்ணி குடியும். சரி, இது? கறுப்பாய், மயிராய்... இதையும் காணேல்லையோ?"

"கண்டிருக்கிறன்," என்றாள்.

"அப்ப பேரைச் சொல்லும்."

பேரை மட்டும் சொல்லவில்லை. நாலு படத்துக்கும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்தபோது முகத்தில் அழுகை இல்லை. கடினமான வேலை ஒன்றை முடித்த ஆளின் களைப்பு இருந்தது.

"ஏனடி சொல்லேல்லை? உனக்குத் தெரியும்தானே?"

"அப்பு காட்டுக்குள்ளை," என்றாள். அப்பு என்றது தகப்பனை. வெளியூரிலிருந்து தபாற்கந்தோருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

சில நாள் கழித்து அதிகாரியின் கடதாசி வந்தது. அந்த நீளமான மண்ணிற உறையை என் ஐயாதான் என் கையில் கொடுத்து அனுப்பினார். இந்தப் பிள்ளை தான் பிறந்த காட்டின் மிருகங்களைக்கூட அடையாளம் காணவில்லை, படிப்பிக்கத் தக்க புத்தி இல்லை, தவணை முடிவில் பெயரை நீக்கிவிட்டு வீட்டுவேலை பழக்கும்படி பெற்றோருக்குச் சொல்லவும் என்பது அதன் சாரம்.

தலைமை வாத்தியார் ஒரு அறிவித்தல் எழுதி, தாய்க்கு ஆளிடம் கொடுத்தனுப்பினார். அவா வந்து வாசலோடு நின்றா, உள்ளே வா என்று சொல்லியும் வரவில்லை.

"என்ரை பிள்ளைக்கு என்ன குறை வாத்தியார்?"

"குறை எண்டு நான் சொல்லேல்லை. கடதாசி சொல்லுது."

"கடதாசிக்கு என்ரை பிள்ளையைத் தெரியுமோ?"

வாத்தியார் அலுமாரியைத் திறந்தார். சுற்றறிக்கைக் கட்டை எடுத்து, தாய் சொன்னதை ஒரு தாளில் எழுதினார். அந்தப் பெண் கண்கலங்கி நிற்கையில் இந்த மனுசன் எழுதிக்கொண்டிருக்கிறாரே என்று நாம் அவரைத் திட்டினோம். கேட்டதை எழுதி வைக்க வேண்டும் என்பது விதி.

மரத்தடியில் அவள் எனக்குச் சொன்னாள்: "பேர் வெட்டினால் சின்னம்மா வந்து கூட்டிக்கொண்டு போவா. யாழ்ப்பாணத்திலை அவா சமைக்கிற வீட்டிலை என்னையும் விடப் போறாவாம்."

"அங்கை பள்ளிக்கூடத்திலை விடுவினமோ?"

"விடுவினம். அந்த வீட்டுப் பிள்ளையளைப் பள்ளிக்கூடத்திலை கொண்டுபோய் விடுறதுதான் என்ரை வேலையாம்."

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லப்பட்டதை அப்படியே சொன்னாள்.

சந்திக் கடையை நடத்தியவர் முஸ்லிம் மனுசன், நாம் எல்லோரும் நானா என்று கூப்பிட்டோம். காட்டுத் தேனையும் மெழுகையும் வாங்கி வவுனியாவுக்கு அனுப்புகிறவர். ஐயாவுக்குச் சுருட்டு வாங்கப் போனபோது அவரிடம் கேட்டேன்.

"நானா, அப்பு காட்டுக்குள்ளை எண்டால் ஏன் மிருகத்தின்ரை பேரைச் சொல்லக்கூடாது?"

அவர் தேன் வடிகட்டிக்கொண்டிருந்தார். துணியைப் பிழிந்த கையோடு என்னைப் பார்த்தார். "ஆர் அது, தேன்காரர்ரை மகளே? அந்தப் பிள்ளையிட்டையே கேட்டவர் அந்தத் துரை? இந்த மாசத்திலையே? யா அல்லா!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆம்பிளையள் தேனுக்குப் போய்த் திரும்பி வருமட்டும் வீட்டிலை இருக்கிறவை அதுகளின்ரை பேரைச் சொல்லமாட்டினம். சொன்னால் அதுகளைக் கூப்பிட்டு அனுப்பினது மாதிரியாம், காட்டுக்குள்ளை இருக்கிற மனுசனிட்டை. நானே தேன் காலத்திலை அவங்கட வளவுக்குப் போனால் வாயைப் பொத்திக்கொண்டுதான் போறனான். நீயும் சொல்லாதை பிள்ளை."

நம்பவில்லை என்றால் பரவாயில்லை. நானும் நம்பினேன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அதிகாரி கேட்டது மிருகத்தின் பேரை அல்ல. உன் தகப்பனைக் கொல்லட்டுமா என்று நாலு தடவை கேட்டிருக்கிறார், அவள் நாலு தடவையும் மாட்டேன் என்றிருக்கிறாள். ஒரு பத்து வயதுப் பிள்ளையின் புத்தியையும் மனத்தையும் அளக்க இதைவிட நல்ல பரீட்சை கிடையாது. மாக்ஸ் போட்டவருக்குத்தான் பாடம் தெரியவில்லை.

நானா அன்றே கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னார். தலைமை வாத்தியார் வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"விளங்குது நானா. ஆனால் நான் அரசாங்க உத்தியோகத்தன். மேலதிகாரி எழுதினதுக்கு எதிரா நான் எழுத ஏலாது."

"அப்ப ஆர்தான் எழுதலாம்?"

"தகப்பன் எழுதலாம்."

"அந்த மனுசனுக்குக் கையெழுத்தே தெரியாது. காட்டாலை இன்னும் வரவுமில்லை. நாள் கடந்திட்டுது."

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்று வாத்தியார் அலுமாரியைப் பூட்டினார். நானா படியிறங்கிப் போனார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், யாழ்ப்பாணத்தாரின் இரும்பு நெஞ்சைப் பற்றி ஒரு கிழமைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தமிழ்ப் பாடம். கரும்பலகையில் கட்டுரைத் தலைப்பு எழுதியிருந்தது: தன் பிள்ளையின் பெயரை இடாப்பிலிருந்து வெட்ட வேண்டாம் என்று ஒரு தகப்பன் மேலதிகாரிக்கு எழுதும் முறையீடு.

அவளை வைத்துக்கொண்டு இப்படி ஒரு தலைப்பா? நமக்கு அது கொடுமையாகப் பட்டது. என் கட்டுரையில் கோபம் முழுவதையும் கொட்டினேன். "இரு பக்கமும் கேளாத தீர்ப்பு தீர்ப்பன்று" என்று குடியியலில் படித்ததைத் தூக்கிப் போட்டேன். எனக்குத்தான் வகுப்பில் அதிக மாக்ஸ். அவளுடையதில் எழுத்துப்பிழை நிறைய.

அவள் எழுதியது எனக்கு இப்போதும் வரிக்கு வரி தெரியும், பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். 'என் மகள் எல்லாப் படத்தையும் கண்டாள். நான் காட்டுக்குள் இருந்தபடியால் பேர் சொல்லவில்லை. நான் இப்போது வீட்டுக்கு வந்துவிட்டேன். அவை' என்று எழுதி, பிறகு நாலு இடத்தில் வெறுமையாக விட்டு, 'என்பவை ஆகும். அவளைப் படிக்க விடவும்' என்று முடித்திருந்தாள்.

தலைமை வாத்தியார் அந்தக் கொப்பியை நெடுநேரம் பார்த்தார். "ஏன் பிள்ளை இடம் விட்டிருக்கிறாய்?"

"அப்பு வந்தாப் பிறகு எழுதுவன்."

"வந்துவிட்டேன் எண்டு எழுதியிருக்கிறாய்?"

"வருவர்தானே," என்றாள்.

அவர் அந்த ஒற்றையை மெதுவாகக் கிழித்து எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார். பிழை திருத்தவில்லை. மற்றவர்களின் கொப்பியில் எல்லாம் சிவப்பு மை ஓடியிருந்தது, அவளுடைய தாளில் ஒரு துளி இல்லை.

அதற்குப் பிறகு சில நாட்கள் ஊரே ஒரு மாதிரி இருந்தது. தேனுக்குப் போன மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். அவளுடைய தகப்பன் வேறு பக்கமாகப் போனவர், வரவில்லை. தவணை முடிவும் வந்துகொண்டிருந்தது. அவள் பள்ளிக்கு வந்து, மெழுகு உருட்டி, எனக்கு ஒன்று தந்து, கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டாம் மணி அடித்த பிறகு. தோளில் சுரைக்குடுவை, கால் ஒன்று வீங்கி, உடம்பெல்லாம் புகை மணக்க, குளக்கட்டால் நொண்டிக்கொண்டு வந்த மனுசனை முதலில் கண்டது நான். வழி தவறவில்லையாம். மரத்தால் விழுந்து கால் பிசகியதாம். அவள் எழும்பி ஓடவில்லை. தலைமை வாத்தியாரின் மேசைக்குப் போய்க் கையை நீட்டினாள். அவர் ஒற்றையை எடுத்துக் கொடுத்தார். பேனையை மைக்கூட்டில் தோய்த்து, நாலு வெறும் இடத்தையும் நிரப்பினாள். நிரப்பும்போது சத்தமாகச் சொன்னாள்.

"யானை. கரடி. சிறுத்தை. பாம்பு." பிறகு நிறுத்த முடியாமல்: "பண்டி. மரை. உடும்பு. நரி. எல்லாம் தெரியும் வாத்தியார்!"

வகுப்பு கைதட்டியது. அவளோடு இருக்க மாட்டோம் என்றவர்களும் தட்டினீர்கள், அதை நான் மறக்கவில்லை. தகப்பன் என்ன நடக்கிறது என்று விளங்காமல் வாசலில் நின்று சிரித்தார். தலைமை வாத்தியார் அவரை உள்ளே கூப்பிட்டு, கதிரை கொடுத்து, முழுவதையும் வாசித்துக் காட்டி, பெருவிரல் அடையாளம் வாங்கினார். விரலில் இருந்த தேன் மையோடு சேர்ந்து பரவிவிட்டது. வேறு தாளில் எடுக்கலாமே என்றேன். "வேண்டாம், இது போதும்," என்றார்.

மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி அனுப்பினார்: பெற்றோரின் முறையீடு, பதிலுக்காக. ஐயா அதைப் பதிவுத் தபாலாக எடுத்து, அரக்கு உருக்கி முத்திரை குத்தினார். அரக்கு மணமும் தேன் மணமும் ஒன்றாக வந்த ஒரே கடிதம் அதுதான்.

பிறகு எங்கள் பயம் தொடங்கியது. பதில் வரும். வந்தால் என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியும். மேலதிகாரியின் முடிவே முடிவு என்று சொல்லும். ஒவ்வொரு மத்தியானமும் கண்டி றோட்டிலிருந்து தபாற்பை வரும்போது நான் ஐயாவின் பக்கத்தில் நின்றேன். நீள உறை ஒன்று வந்தது.

"ஐயா, இதைக் குடுக்கத்தான் வேணுமோ?"

"தபால் எண்டால் தபால்தான் பிள்ளை. கொண்டுபோய்க் குடு."

பள்ளிக்கூடம் வரைக்கும் அந்த உறை எனக்குக் கனத்தது. தலைமை வாத்தியார் திறந்தார். இருமினார். "வெண்கட்டி இந்தத் தவணைக்கு இல்லையாம்," என்றார். கரும்பலகையில் எழுத வெண்கட்டி இல்லாததற்கு ஒரு வகுப்பு முழுவதும் சந்தோசப்பட்டது அன்றுதான். அடுத்த உறை கூரை ஒழுக்கைப் பற்றியது. அதற்கடுத்தது மலசலகூடம். ஒவ்வொன்றுக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

விடுமுறை முடிந்து மூன்றாம் தவணை தொடங்கியபோது சின்னம்மா யாழ்ப்பாணத்திலிருந்து புதுச் சட்டையோடு வந்தா. தலைமை வாத்தியார் இடாப்பைத் திறந்து காட்டினார்.

"பேர் இருக்குது. பேர் இருக்கிற பிள்ளையைத் தவணைக்குள்ளை கொண்டு போனால் தாய் தகப்பன் நீதவான் கோட்டுக்குப் போக வேண்டி வரும்."

"படிப்பு ஏறாது எண்டு கடதாசி வந்ததாமே?"

"அதுக்கு எதிரா முறையீடு போயிருக்கு. பதில் வரட்டும்."

"எப்ப வரும்?"

"அரசாங்கத்துக்கு நான் நாள் குறிக்க ஏலாது."

சின்னம்மா சட்டையை வைத்துவிட்டுப் போய்விட்டா. அந்தச் சட்டையில்தான் அவள் மறுநாள் பள்ளிக்கு வந்தாள்.

பதில் வரவில்லை. ஆறாம் வகுப்பிலும் வரவில்லை, எட்டிலும் வரவில்லை. அவள் ஆசிரிய கலாசாலைக்குப் போனபோதும் வரவில்லை. நானும் கந்தோரில் சேர்ந்தேன். சேர்ந்த முதல் மாதம் எனக்குப் பழக்கிய வேலை நினைவூட்டல் எழுதுவது. பதில் வராத கடிதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதத்தில் முதல் நினைவூட்டல், பிறகு இரண்டாவது, பிறகு கடுமையான சொல்லோடு கடைசி. அப்போதுதான் பழைய வெண்கட்டிக் கோப்பு ஒன்று என் கையில் வந்தது. நமது தலைமை வாத்தியார் ஒரு பெட்டி வெண்கட்டிக்கு மூன்று நினைவூட்டலும் அனுப்பியிருந்தார், திகதி தவறாமல்.

அவளுடைய முறையீட்டுக்கு அவர் ஒன்றும் அனுப்பவில்லை. இடமாற்றம் வரும் வரைக்கும் ஒன்றுகூட இல்லை. விதி தெரிந்த மனுசன் மறந்து போனார் என்று வேறு யாரிடமாவது சொல்லுங்கள். தாய் சொன்னதை எழுதியது, கட்டுரைத் தலைப்பு, திருத்தாத எழுத்துப்பிழை, தேன் பரவிய விரலடையாளம், அனுப்பாத நினைவூட்டல் எல்லாம் எனக்கு அந்த மேசையில் வரிசையாக வந்து நின்றன. மேலதிகாரிக்கு எதிராக அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. பயந்தவர்தான். பயந்துகொண்டே அந்தப் பிள்ளையை விதிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டார். நானாவுக்கு இதைச் சொல்லப் போனேன். அவர், "அந்த மனுசனுக்கு நான் ஒரு தேத்தண்ணிகூட ஊத்தேல்லையே பிள்ளை," என்றார்.

அவளுடைய கோப்பும் அதே பதிவறையில்தான் இருந்திருக்க வேண்டும். நான் தேடவில்லை. தூங்குகிற கோப்பைத் தொட்டால் அது எழும்பும்.

அவள் ஆசிரியையாகி, நமது பள்ளிக்கூடத்துக்கே வந்து, பிறகு அதற்குத் தலைமை ஆசிரியையும் ஆனாள். ஆதிக்குடிகள் பாடம் வரும்போது புத்தகத்தை மூடிவிட்டுப் படிப்பிப்பாளாம். இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடமும் அவளோடு இடம்பெயர்ந்தது; மரத்தின் கீழ், பிறகு தறப்பாள் கூடாரத்தின் கீழ், அக்கராயன் பக்கத்தில் ஒரு நெற்களஞ்சியத்தில். இடாப்பைச் சாக்கில் சுற்றிக் கூடவே கொண்டு திரிந்தாள்.

அந்த ஆண்டுகளில் அவளுடைய மகன் காட்டுக்குள் இருந்தான். தேன் எடுக்கப் போகவில்லை என்பதோடு நிறுத்துகிறேன். அவன் போன நாளிலிருந்து சின்ன வகுப்பில் மிருகங்கள் பாடம் வந்தால், உதவி ஆசிரியையை அனுப்பிவிட்டுத் தான் கணக்குப் பாடம் எடுத்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் வன்னியில் அநேக தாய்மார் அநேக சொற்களைச் சொல்லாமல் இருந்தார்கள்.

பாதை திறந்த ஆண்டில் அவன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

அதற்கடுத்த ஆண்டு, கந்தோரின் பழைய பதிவறைக்குக் கூரை போட வந்தார்கள். நிலுவையில் உள்ள கோப்பு ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி மூடிவிட்டுத்தான் கட்டடத்தைத் தர வேண்டும் என்று புதிதாக வந்த இளம் உத்தியோகத்தர் ஒருவருக்குக் கட்டளை. பிள்ளை அதை நம்பிவிட்டது. எல்லாவற்றுக்கும் பதில் எழுதியது. என் காலத்தில் இப்படி ஒருவர் வந்திருந்தால் மூன்றாம் மாதம் தீவுப் பகுதிக்கு மாற்றியிருப்போம்.

ஒரு நாள், வருவதாக அவள் சொல்லி அனுப்பினாள்; பஸ்ஸில் வருவாள் என்று நினைத்தேன். வவுனியாவில் என் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவள் இறங்கி வந்தாள், கையில் நீளமான மண்ணிற உறை. பத்து வயதில் போலவே முதலில் உறையைத்தான் பார்த்தேன்.

"என்ரை கேஸ் முடிஞ்சுதடி," என்றாள். "வாசி."

வாசித்தேன். முகவரி, தலைமை ஆசிரியர் அவர்களுக்கு. மேற்படி பிள்ளையின் பெற்றோர் 1953இல் அனுப்பிய முறையீடு பரிசீலிக்கப்பட்டது. மறுபரிசோதனை நடைபெறும் வரை பிள்ளையைப் பாடசாலையில் தொடர்ந்து வைத்திருப்பதற்கு இத்தால் ஆட்சேபனை இல்லை.

"ஆட்சேபனை இல்லையாம்!" அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "வாற மாசம் எனக்கு ஓய்வு. அதுக்குள்ளை அனுமதி வந்திட்டுது."

"மறுபரிசோதனைக்குப் போவியோ?"

"கூப்பிட்டால் போறன். பாலைப்பழம் சாப்பிடாமல் போறன்."

மோட்டார் சைக்கிளில் கூட்டி வந்த மகனையும் உள்ளே வரச் சொல் என்றேன். "பொறு, கடையிலை ஏதோ வாங்கி விழுங்கிக்கொண்டு நிக்கிறான்," என்றாள். "வீட்டுக்கு வந்த நாள் தொட்டு யானை மாதிரித் தின்னுறான்."

அந்தச் சொல் வந்த வேகத்தை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். தேத்தண்ணி வைக்கிற சாட்டில் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது என் மேசையில் இருந்து பேனை எடுத்திருந்தாள். "பதில் போட வேணுமோ?"

"கிடைத்ததாக ஒரு வரி போதும். கிடைத்த திகதி கட்டாயம்."

மேற்படி பிள்ளை பாடசாலையில் தொடர்ந்து இருந்தார் என்பதை அறியத் தருகிறேன் என்று ஒரு வரி எழுதினாள். தலைமை ஆசிரியர் என்ற இடத்தில் கையெழுத்து வைத்தாள். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே, கடிதம் கிடைத்த திகதி என்று எழுதி, நிமிர்ந்து என் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்து நிரப்பினாள்: 2003 ஆனி 19.